ஆயர் அசரியா: முகத்துக்கு நேராகப் பேசிய தமிழர்



சாந்தோமிலிருந்து கடற்கரை வழியாக வந்து, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் திரும்பி, ஜெமினி மேம்பாலம் நோக்கிச் செல்பவர்கள் பாலத்துக்குச் சற்று முன்பாக, மரங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் வெண்ணிறக் கோபுரம் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். தூய ஜார்ஜ் பேராலயம். கதீட்ரல் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பேராலயத்தால்தான். நம்முடைய சாந்தோமினால் அல்ல. 1815-ஆம் ஆண்டில், அப்பகுதியின் தோட்ட வீடுகளில் குடியிருந்த ஐரோப்பியர்களுக்காக அது கட்டப்பட்டது. இன்று அது தென்னிந்தியத் திருச்சபையின் பேராலயம். அந்தக் கோபுரத்தைக் கடந்து செல்லும் போதெல்லாம் நமக்கு ஒரு மனிதரின் நினைவு வரும். சில மாதங்களாக அது அடிக்கடி வருகிறது. அதற்குக் காரணம் ஒரு கேள்வி.

2020-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் ஒரு காவலரின் முழங்காலுக்குக் கீழே மூச்சடங்கி இறந்தார். அதற்குப் பிறகு அந்த நாட்டில் ஆலயங்களிலும் அலுவலகங்களிலும் வெள்ளையரும் மற்றவரும் எதிரெதிரே அமர்ந்து, நிறத்தைப் பற்றி மனம் திறந்து பேசும் கூட்டங்கள் பல நடந்தன. அங்கே வேலை பார்க்கும் தம் மகன் வழியாக இதைக் கேள்விப்பட்ட பங்குத் தாய் ஒருவர், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம்மிடம் வந்து, பேசினால் மட்டும் நிறவெறி போய்விடுமா ஃபாதர் என்று கேட்டார். ஏதோ சொல்லி அனுப்பினோம். சரியான பதில் இல்லை என்பது நமக்கே தெரியும். அன்று மாலை, செபமாலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது, வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் நினைவு வந்தது.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயர். (அவர்கள் ஆயரைப் பேராயர் என்பார்கள். நம் வழக்கில் பேராயர் வேறு. குழப்பம் வேண்டாமென்று இங்கு ஆயர் என்றே எழுதுகிறோம்.) கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் ஏடு வெளியிட்ட பிறகும், பிரிந்த சகோதரர்களின் பெரியவர்களை நாம் பெயரளவில்தான் அறிந்திருக்கிறோம். இவரையாவது அறிந்துகொள்வோம்.

1874 ஆகஸ்ட் 17 அன்று, பனை மரங்கள் நிறைந்த வெள்ளாளன்விளை என்ற ஊரில் அவர் பிறந்தார். அன்று திருநெல்வேலிச் சீமை. இன்று தூத்துக்குடி மாவட்டம். தந்தை வேதநாயகம் 1839-இல், மறைபரப்பாளர் நடத்திய பள்ளியில் படிக்கும்போது கிறிஸ்தவராகி, பின்னர் ஆங்கிலிக்கன் சபையில் கிராமக் குருவானவர். தாய் எல்லன். ஒரு பெண் குழந்தைக்குப் பிறகு நெடுங்காலம் காத்திருந்து பெற்ற மகன் இவர். சாமுவேல் என்று பெயரிட்டார்கள். அன்னாவின் கதையை அறிந்த நமக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பம் நாடார் சமூகத்தைச் சேர்ந்தது. அந்த நாளில் அச்சமூகத்தார் பல கோவில்களுக்குள் நுழைய முடியாது. தெற்கே திருவிதாங்கூரில், மேலாடை அணியும் உரிமைக்காக அச்சமூகப் பெண்கள் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடிய பிறகு, 1859-இல்தான் அரசு இறங்கி வந்தது. ஒருவன் பிறப்பால் தாழ்ந்தவன் என்று பிறர் முடிவு செய்வது எப்படி இருக்கும் என்பதை அசரியா வெள்ளைக்காரர்களிடம்தான் முதலில் கற்றார் என்று சொல்ல முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து வயதில் தந்தையை இழந்தார். மேல்படிப்புக்குச் சென்னை வந்து கிறிஸ்தவக் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரி அன்று தாம்பரத்தில் இல்லை; உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பாரிமுனைப் பக்கம் இருந்தது. கடைசித் தேர்வு நேரத்தில் உடல்நலம் கெட்டதால் பட்டம் பெறாமலே வெளியேறினார். பட்டமில்லாத இந்த மனிதருக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1920-இல் மதிப்புறு முனைவர் பட்டம் கொடுத்தது என்பது பின்கதை.

1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலர் வேலை கிடைத்தது. மறு ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி என்ற இளைஞர் மாணவர்களிடையே பணிசெய்ய வந்தார். வசதியான குடும்பம், யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அன்றைய வழக்கப்படி வெள்ளையர் முதலாளி, இந்தியர் உதவியாளர் என்றுதான் இருவரும் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவர்கள் நண்பர்களானார்கள். எடி தமிழ் கற்றார். இருவரும் ஊர் ஊராகச் சேர்ந்து சுற்றினார்கள், சேர்ந்து செபித்தார்கள். இந்த நட்பு இல்லாமல் இருந்திருந்தால், பின்னாளில் அசரியா பேசிய பேச்சு வெறும் புலம்பலாகவோ வெறும் கோபமாகவோ முடிந்திருக்கும் என்பது நம் எண்ணம். வெள்ளையர் ஒருவரோடு சமமாக இருக்க முடியும் என்பதை அவர் வாழ்ந்து பார்த்திருந்தார். ஆகவேதான் மற்றவர்களிடம் அது இல்லாதது அவர் கண்ணுக்குப் பட்டது.

1898-இல் அன்பு மரியம்மாளை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரிப் படிப்பைத் தொட்ட முதல் சிலருள் அவரும் ஒருவர்.

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் மறைபரப்பாளர்களை அனுப்பி வைப்பதைக் கண்டு வெட்கப்பட்டார். இங்கோ எல்லாவற்றுக்கும் இங்கிலாந்திலிருந்து பணம் வரவேண்டும். பணம் கொடுப்பவர் ஆள்கிறார், வாங்குபவர் பணிகிறார். ஊருக்குத் திரும்பியதும், 1903-இல், ஆளும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையதாக இருக்கும்படி, திருநெல்வேலியில் இந்திய மறைபரப்புச் சங்கத்தைத் தோற்றுவிக்க முன்நின்றார். அந்தச் சங்கம் நிசாமின் ஐதராபாத் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல் பகுதியைத் தன் பணித்தளமாகக் கொண்டது. அங்கே அனுப்ப ஆள் தேவைப்பட்டபோது, பிறரை அனுப்பிவிட்டுச் சென்னையில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1909-இல், முப்பத்தைந்தாம் வயதில், திருத்தொண்டராகத் திருநிலைப்படுத்தப்பட்டு, தமிழ்நாட்டை விட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். புதிதாகத் தெலுங்கு படித்தார்.

மறு ஆண்டு, 1910 ஜூன் மாதம், ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மறைபரப்பு மாநாடு கூடியது. புரட்டஸ்டாண்டு சபைகளின் சார்பாளர் சுமார் 1200 பேர். அவர்களில் ஆசியர் இருபது பேர்கூட இல்லை. ஆப்பிரிக்கர் ஒருவர் என்று எண்ணிவிடலாம். ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன செய்யலாம் என்று பத்து நாள் பேசிய கூட்டம் அது! நம் திருஅவை அதில் கலந்துகொள்ளவில்லை. ஆனால் இத்தாலியின் கிரெமோனா ஆயர் பொனொமெல்லி துணிந்து ஒரு வாழ்த்து மடல் அனுப்பினார், அது மாநாட்டில் வாசிக்கப்பட்டது என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம்.

ஒரு மாலை அமர்வில் அசரியா எழுந்தார். வெளிநாட்டுப் பணியாளரும் உள்நாட்டுப் பணியாளரும் ஒத்துழைப்பது பற்றிப் பேசும்படி அவரிடம் கேட்டிருந்தார்கள். நன்றி சொல்லி, இரண்டு நல்ல நிகழ்ச்சிகளைச் சொல்லி அமர்ந்திருக்கலாம். எல்லோரும் கைதட்டியிருப்பார்கள்.

அவர் அப்படிச் செய்யவில்லை. பத்தாண்டுகளாக இந்தியாவின் பல பகுதிகளுக்கும் சென்று தாம் கண்டதைச் சொன்னார். வெள்ளை மறைபரப்பாளருக்கும் இந்தியப் பணியாளருக்கும் இடையே உள்ள உறவு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. ஒரு விலகல் இருக்கிறது. ஒருவர் மனத்தை ஒருவர் அறியவில்லை. சம்பளம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவாகவே அது நின்றுவிடுகிறது. கை குலுக்குவது, ஒரே மேசையில் உண்பது, வீட்டுக்கு வந்துபோவது போன்ற சிறிய காரியங்களில் அது வெளிப்படுகிறது. கடைசியில், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அன்புப் பாடலை அவர்கள் முன்னே வைத்தார். உடைமைகளைக் கொடுத்திருக்கிறீர்கள், உடலையும் கொடுத்திருக்கிறீர்கள், எங்களுக்கு வேண்டியது உங்கள் அன்பும் நட்பும் என்ற பொருளில் முடித்தார்.

அந்த அரங்கில் இருந்தவர்கள் யார் என்று சற்று நினைத்துப் பாருங்கள். கொடியவர்கள் அல்லர். சொந்த நாட்டை விட்டு வந்தவர்கள். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனைவியரையும் பிள்ளைகளையும் இந்திய மண்ணில் புதைத்தவர்களும் அவர்களிடையே இருந்திருப்பார்கள். அத்தகையவர்களைப் பார்த்து, உங்கள் தியாகத்தில் ஒன்று குறைகிறது என்று சொல்வது எளிதா? சிலர் பாராட்டினார்கள். சிலர் கோபப்பட்டார்கள். தாங்கள் செய்ததற்கெல்லாம் இதுதான் நன்றியா என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை. சலுகையின் இயல்பே இதுதான். கொடுமை செய்பவனுக்குத் தான் செய்வது தெரியும். சலுகையில் பிறந்தவனுக்கு, தான் நாற்காலியில் இருப்பதும் எதிரே ஒருவர் நிற்பதும் கண்ணில் படுவதே இல்லை. அன்புள்ள ஒருவர் முகத்துக்கு நேராகச் சொன்னால்தான் படும்.

இனி நாம் எழுதப்போவது நமக்கே கசப்பானது.

அதே 1910-ஆம் ஆண்டில், அசரியா பிறந்த அதே திருநெல்வேலிச் சீமையில், வடக்கன்குளம் என்ற ஊரில் ஒரு கத்தோலிக்க ஆலயத்தின் சுவர் இடிக்கப்பட்டது. 1872-இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயத்துக்கு, கால்சட்டையின் இரு கால்களைப் போல இரண்டு நடுக்கூடங்கள். ஒன்றில் வெள்ளாளக் கத்தோலிக்கர், மற்றதில் நாடார் கத்தோலிக்கர். பீடம் ஒன்று, நற்கருணை ஒன்று, நடுவே பிரிவுச் சுவர்! அது நீக்கப்பட்டபோது உயர்சாதியினர் எனப்பட்டவர்கள் வழக்குத் தொடுத்தார்கள்; வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து தோற்றது. எடின்பரோவில் அசரியா வெள்ளையரிடம் பேசிக்கொண்டிருந்த ஆண்டில், அவருடைய சொந்த சமூகத்தார் நம்முடைய கோவிலில் தமிழராலேயே சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர் அன்று கேட்டதை நம் முன்னோரிடமும் கேட்டிருக்கலாம்.

அவருடைய சபையும் இதற்கு விலக்கல்ல. சென்னையின் ஆங்கிலிக்கன் ஆயர் ஹென்றி ஒயிட்ஹெட், இந்தியர் ஒருவர் ஆயராக வேண்டும், அது அசரியாவாக இருக்கவேண்டும் என்று முனைந்தார். வெள்ளைக் குருக்கள் பலருக்கு, கறுப்பு ஆயர் ஒருவருக்குக் கீழ்ப்படிவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அது எதிர்பார்த்தது. ஆனால் திருநெல்வேலியில் இந்தியக் கிறிஸ்தவர்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது: நாடார் ஒருவர் எங்களுக்கு ஆயரா? நிறத்துக்காக ஒரு பக்கம், சாதிக்காக மறுபக்கம். கடைசியில், வெள்ளைப் பணியாளரோடு மோதல் வராத தொலைவில், தோர்ணக்கல்லை ஒரு சிறு மறைமாவட்டமாக்கி அவரை அங்கே வைத்தார்கள். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். வயது 38. சில ஆண்டுகளில் மறைமாவட்டத்தின் எல்லை விரிவடைந்தபோது, வெள்ளைக் குருக்களும் அவருடைய ஆளுகைக்குள் வந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. ஆனாலும் 1945-இல் அவர் இறக்கும்வரை, தம் சபையில் ஒரு மறைமாவட்டத்தை ஆண்ட இந்திய ஆயர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒருவர் மட்டும்!

நாம் சிரிக்க வேண்டாம். திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1919-இல், மறைபரப்பு நாடுகளில் உள்ளூர்க் குருக்களை வளர்த்து அவர்களிடமே பொறுப்பை ஒப்படைக்க வேண்டுமென்று திருமடல் எழுதினார். 1923-இல் தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை ஆயரானார். ஆனால் நம் மயிலையில் போர்த்துக்கீசிய ஆயர்களே தொடர்ந்தார்கள். சென்னையும் மயிலையும் 1952-இல் இணைந்த பிறகும், முதல் இந்தியப் பேராயராக அருளப்பா ஆண்டகை 1966-இல்தான் வந்தார்.

தோர்ணக்கல்லில் அசரியாவிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் தலித் சமூகங்களைச் சேர்ந்த ஏழைகள். அந்த இரு சமூகங்களுக்குள்ளும் ஒருவர் தொட்டதை ஒருவர் உண்ணாத நிலை. எடின்பரோவில் வெள்ளையரிடம் எதைக் கேட்டாரோ, அதைத் தம்மிடமே கேட்டுக்கொள்ளும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்திருந்தார். இப்போது நாற்காலியில் இருப்பவர் அவர். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் ஊர்களுக்குப் போனார். கிராம ஆசிரியர்களையும் குருக்களையும் அம்மக்களிடமிருந்தே உருவாக்கினார். காந்தியடிகளோடு மதமாற்றம் பற்றி அவருக்கு வந்த கருத்து மோதல் பெரிய கதை. இங்கே அதற்குள் நுழையவில்லை. இந்து, இஸ்லாமியக் கட்டட மரபுகளைக் கலந்து அவர் எழுப்பிய தோர்ணக்கல் பேராலயம், 1939-இல் திருக்காட்சிப் பெருவிழா அன்று அர்ச்சிக்கப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. ஐதராபாத்துக்குப் போகிறவர்கள் முடிந்தால் ஒரு நாள் ஒதுக்கிப் பார்த்து வாருங்கள்.

அவருடைய நண்பர் எடியை மறந்துவிட்டோமே! அவர் அமெரிக்கா திரும்பிய பிறகு, 1936-இல், நிறப்பிரிவினை சட்டமாகவே இருந்த மிசிசிப்பி மாநிலத்தில், கறுப்பினக் குத்தகை விவசாயிகளும் வெள்ளைக் குத்தகை விவசாயிகளும் சேர்ந்து உழுது சமமாகப் பங்கிடும் கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கினார். தமிழ்நாட்டில் ஒரு தமிழரோடு நட்பாக இருந்ததால்தான் அதைச் செய்தார் என்று நாம் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் நம் பங்குத் தாயின் கேள்விக்கு, இதைவிட நல்ல பதில் நம்மிடம் இல்லை.

1938 டிசம்பரில் உலக மறைபரப்பு மாநாடு மீண்டும் கூடியது. இம்முறை நம்முடைய தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில். வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்கச் சபைகளைச் சேர்ந்தவர்கள். முதிய அசரியாவும் அங்கே இருந்தார். இருபது பேர்கூட இல்லாத எடின்பரோ அவருக்கு நினைவு வந்திருக்கும்.

1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் இறந்தார். அவர் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்த சபை ஒன்றிப்பு, அவர் இறந்து இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. 1947 செப்டம்பர் 27 அன்று, கதீட்ரல் சாலையின் அதே தூய ஜார்ஜ் பேராலயத்தில், ஐரோப்பியருக்கென்று கட்டிய அந்தக் கூரையின் கீழ், தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது.

இவரைப் பற்றி எழுத நமக்குத் தகுதி உண்டா என்று யோசித்தோம். குருவான புதிதில் ஒரு கிராமப் பங்கில் பணியாற்றினோம். அங்கே ஓர் உபதேசியார் இருந்தார். காலனியைச் சேர்ந்தவர், நம்மைவிட இருபது வயது மூத்தவர். விடியற்காலை கோவிலைத் திறப்பது முதல் இரவு மணியடிப்பது வரை நம்மோடு இருந்தார். கிளைப்பங்குகளுக்கு நம் வண்டியின் பின்னால் அமர்ந்து வந்தார். பெரிய தெருவில் நமக்கு விருந்து வைக்காத வீடு இல்லை. அவர் வெளியே திண்ணையில் காத்திருப்பார். ஒருநாள், வருத்தம் காட்டாத குரலில், சாமி இதுவரை எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையே என்றார். நேரம் அமையவில்லை என்றோம். அது பொய். பெரிய தெருக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான். வெள்ளைக்காரர்களின் நிறவெறியைப் பற்றிக் குருமடத்தில் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம்.

பிறகும் ஓராண்டு ஆயிற்று. அவர் வீட்டில் நாம் முதன்முதலில் சாப்பிட உட்கார்ந்தது, மாற்றல் ஆணை வந்து, அந்தப் பங்கை விட்டுப் புறப்படுவதற்கு முந்தின இரவில். சோறும் கருவாட்டுக் குழம்பும் முட்டையும் வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை நமக்குப் போட்டார்கள். நாம் அதை ஓரமாக நகர்த்திவிட்டுப் பாயில் அமர்ந்தோம். உபதேசியார் மட்டும் கடைசிவரை நின்றுகொண்டே பரிமாறினார். எவ்வளவு அழைத்தும் உட்காரவில்லை.